கர்னலில் எதிர்பாராத பிழைகளைக் கையாள்வது எப்படி: லினக்ஸ் டிரைவர் எழுதுபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2024 ஜூலை 19 அன்று உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றுபோயின. இது மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட மதிப்பீடு. விமானங்கள் ரத்தாயின, மருத்துவமனைகளில் வேலை தடைப்பட்டது. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளில், கர்னலுக்குள் (இயங்குதளத்தின் மையப் பகுதிக்குள்) ஓடும் டிரைவர்தான் காரணம். அன்று வந்து இறங்கிய தரவுக் கோப்பு 21ஆவது மதிப்பைப் பார்க்கச் சொன்னது. டிரைவரின் கையிலிருந்த பட்டியலில் 20 மதிப்புகள்தான் இருந்தன. பட்டியலைத் தாண்டிப் படிக்கப்போய், செல்லாத மெமரியைத் தொட்டு, கர்னல் விழுந்தது. கணினி துவங்கும்போதே ஏறிவிடும் டிரைவர் என்பதால் ரீபூட் செய்தாலும் அதே இடத்தில் மறுபடி விழுந்தது. பல இடங்களில் ஆள் நேரில் போய், சேஃப் மோடில் ஏற்றி, அந்தக் கோப்பை அழிக்க வேண்டியதாயிற்று.

கேட்ட எண் பட்டியலுக்குள் இருக்கிறதா என்று ஒரே ஒரு வரி சோதித்திருந்தால், இல்லாதபோது அந்தக் கோப்பை மட்டும் ஒதுக்கியிருந்தால், அந்த வெள்ளிக்கிழமை மற்ற வெள்ளிக்கிழமைகளைப் போலவே கழிந்திருக்கும். பிழையே இல்லாத கர்னலை யாராலும் எழுத முடியாது. ஆனால் வந்த பிழை எவ்வளவு தூரம் பரவ வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது நாம்தான். ஒரு கோரிக்கையோடு முடிய வேண்டிய பிழை ஒரு ப்ராசஸைக் கொல்லக் கூடாது. ஒரு டிரைவரோடு முடிய வேண்டியது கணினியைச் சாய்க்கக் கூடாது. கீழே சொல்லப்போகும் எல்லாமே இந்த ஒன்றிலிருந்து வருபவைதான்.

எடுத்துக்காட்டுகள் லினக்ஸ் கர்னலிலிருந்து. சி மொழி தெரியும், ஒரு மாட்யூலையாவது ஏற்றி இறக்கியிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: பிழையை இனம் பிரியுங்கள்

"ஏதோ தப்பாகிவிட்டது" என்பதற்கு ஒரே பதில் கிடையாது. நிரலில் ஒவ்வொரு சோதனையையும் எழுதும்போதே, இது எந்த வகை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் வகை, நடக்கக்கூடியது. மெமரி கிடைக்கவில்லை, பயனர் குப்பை மதிப்பை அனுப்பினார், யூஎஸ்பி கம்பியை யாரோ உருவிவிட்டார்கள். இதெல்லாம் அன்றாடம். எரர் கோடைத் திருப்புங்கள், சத்தம் போடாதீர்கள். பயனர் தவறான மதிப்பு அனுப்பியதற்கெல்லாம் கர்னல் பதிவில் ஒரு வரி எழுதினால், எந்தச் சாதாரணப் பயனரும் உங்கள் பதிவை வெள்ளமாக்கிவிட முடியும்.

இரண்டாம் வகை, நடக்கவே கூடாதது. பூட்டைப் பிடித்திருக்க வேண்டிய இடத்தில் பிடிக்கவில்லை. பட்டியலின் நீளமும் எண்ணிக்கையும் ஒத்துப்போகவில்லை. இது நம் நிரலிலேயே உள்ள தவறு. இதற்குத்தான் வார்ன்_ஆன்_ஒன்ஸ். அந்த மேக்ரோ நிபந்தனையின் மதிப்பையே திருப்பித் தருவதால் நேராக "இஃப்" கூற்றுக்குள் வைக்கலாம்: நிபந்தனை உண்மையானால் பதிவில் அழைப்புத் தடம் விழும், நீங்கள் எரர் கோடைத் திருப்பிவிட்டு வெளியேறலாம். எச்சரித்துவிட்டு அதே பழுதான தரவோடு அடுத்த வரிக்குப் போகிற நிரலை நிறையப் பார்க்கிறேன். அது எச்சரிக்கையின் பாதி வேலைதான். "ஒன்ஸ்" இல்லாத வடிவத்தைத் தவிர்ப்பதும் நல்லது. விநாடிக்கு ஆயிரம் முறை ஓடும் பாதையில் அது வந்துவிட்டால், பதிவு எழுதுவதிலேயே கணினி திணறும்.

மூன்றாம் வகை, தொடர்ந்து ஓடினால் தரவு அழியும் நிலை. இங்கேயும் முதல் பதில் சாவு அல்ல. இஎக்ஸ்டி4 கோப்பு முறைமையைப் பாருங்கள். வட்டில் தன் கட்டமைப்பே பழுதாகியிருப்பதைக் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்பதை மவுன்ட் செய்பவரே சொல்லலாம்: தொடர்ந்து ஓடு, படிக்க மட்டும் அனுமதித்து மறுபடி மவுன்ட் செய், அல்லது பேனிக் ஆகு, அதாவது முழுக் கணினியையும் நிறுத்து. நடுவில் உள்ளது மிக அழகான தீர்வு. எழுதுவது நிற்கிறது, தரவு மேலும் கெடாது, கணினி உயிரோடு இருக்கிறது, நிர்வாகி உள்ளே நுழைந்து பார்க்க முடிகிறது.

ஒரு கட்டாய விதி: பயனர் நிரலால் தூண்டக்கூடிய எந்த நிலைக்கும் வார்ன் வைக்காதீர்கள். பேனிக்_ஆன்_வார்ன் என்ற அமைப்பை இயக்கி ஓடும் கணினிகள் நிறைய உள்ளன. சிஸ்காலர் போன்ற ஃபஸ்ஸர்களும் (தாறுமாறான உள்ளீடு கொடுத்துப் பிழை தேடும் கருவிகள்) அப்படித்தான் ஓடுகின்றன. அங்கே உங்கள் எச்சரிக்கை ஒவ்வொன்றும் கணினியைச் சாய்க்கும் பொத்தான்.

படி 2: பக்_ஆனைக் கைவிடுங்கள்

நிபந்தனை உண்மையானால் அங்கேயே நிறுத்தும் பக்_ஆன் மேக்ரோ பாதுகாப்பானது என்ற நம்பிக்கை இன்னும் பலருக்கு இருக்கிறது. "நிலைமை சரியில்லை, அப்படியே நிறுத்திவிடுவோம்" என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. உண்மையில் என்ன நடக்கிறது என்று ஒருமுறை மெதுவாகப் பார்ப்போம்.

உங்கள் டிரைவரின் ரைட் ஃபங்க்ஷன் ஒரு மியூடெக்ஸை, அதாவது ஒரே நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் பூட்டை, பிடிக்கிறது. உள்ளே ஒரு பக்_ஆன் உண்மையாகிறது. எக்ஸ்86 சிபியூவில் அது வேண்டுமென்றே வைத்த செல்லாத கட்டளை ஒன்றை ஓட்டுகிறது. சிபியூ விதிவிலக்கு எழுப்புகிறது. கர்னல் ஊப்ஸ் எனப்படும் பிழை அறிக்கையை அச்சிட்டு, அந்த ப்ராசஸைக் கொல்கிறது. ப்ராசஸ் சாகும்போது அதன் திறந்த கோப்புகள் மூடப்படும், மெமரி திரும்பும். மியூடெக்ஸ் மட்டும் திரும்பாது. பிடித்தவர் செத்துவிட்டார் என்று மியூடெக்ஸுக்குத் தெரியாது.

அடுத்து யாராவது அதே சாதனத்தில் எழுத முயன்றால், அதே மியூடெக்ஸில் காத்திருப்பார். ப்ராசஸ் பட்டியலில் அவர் நிலை "டி" (D) என்று தெரியும். கில் மைனஸ் 9 போட்டாலும் அசையாது. 120 விநாடி கழித்து, ப்ராசஸ் தொங்கிவிட்டது என்ற செய்தி பதிவில் விழும். அது கோப்பு முறைமையின் பூட்டாக இருந்தால், பதிவையே வட்டில் எழுத முடியாது. நிர்வாகி முறையாக ரீபூட் கொடுத்தால் அதுவும் தொங்கும். கடைசியில் மின்சாரத்தை வெட்டித்தான் மீட்க வேண்டும், ஏன் விழுந்தது என்ற தடயமும் அதோடு போய்விடும். இது ப்ராசஸ் சூழலில் நடந்தால். இன்டரப்ட்டுக்குள் (வன்பொருள் அழைக்கும்போது ஓடும் நிரலில்) நடந்தால் கொல்வதற்கு ப்ராசஸ் இல்லை, நேராக பேனிக்.

2016 அக்டோபரில் 4.8 பதிப்பு வெளியானபோது, கடைசி நேரத்தில் சேர்ந்த மாற்றம் ஒன்றிலிருந்த பக்_ஆன் இப்படித்தான் கணினிகளைச் சாய்த்தது. அதை ஏற்றுக்கொண்டதற்கு லினஸ் டோர்வால்ட்ஸ் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். பிழை கண்டுபிடிக்கும் கருவியாகப் பக்_ஆனைப் பயன்படுத்துவதையும் கடுமையாகச் சாடினார். இன்று கர்னலின் சொந்த நிரல் நடை ஆவணமே கர்னலைச் சாய்க்காதே என்று சொல்கிறது. புதிய பக்_ஆன் சேர்த்தால் செக்பேட்ச் கருவி எச்சரிக்கும்.

எனவே, உங்கள் டிரைவரில் பக்_ஆன் என்று தேடுங்கள். கிடைத்த ஒவ்வொன்றிலும், அதே நிபந்தனையை வார்ன்_ஆன்_ஒன்ஸாக மாற்றி, பூட்டை விட்டு, எரர் கோடோடு வெளியேறும் பாதையை எழுதுங்கள். அப்படி ஒரு பாதை எழுத முடியவில்லை என்றால், அந்த ஃபங்க்ஷன் பிழையைத் திருப்ப முடியாத வடிவத்தில் இருக்கிறது என்று பொருள். ஃபங்க்ஷனின் வடிவத்தை மாற்றுங்கள்.

படி 3: எரர் கோடை ஒழுங்காகக் கடத்துங்கள்

வழக்கம் எளிது: வெற்றி என்றால் 0, தோல்வி என்றால் குறை எண். மெமரி இல்லை என்றால் −12, பயனரின் முகவரி செல்லாது என்றால் −14, தவறான மதிப்பு என்றால் −22. பாயின்டர் திருப்பும் ஃபங்க்ஷன்கள், முகவரிப் பரப்பின் உச்சியிலுள்ள கடைசி 4095 மதிப்புகளை எரர் கோடாகப் பயன்படுத்துகின்றன. இஸ்_எர் என்ற சோதனை அதைத்தான் பார்க்கிறது.

எளிது என்பதாலேயே கவனம் தவறும் இடங்கள் உண்டு. திருப்பிய மதிப்பைக் குறியில்லாத முழு எண்ணில் வாங்கி, "0ஐ விடக் குறைவா" என்று சோதித்தால் அது எந்நாளும் உண்மையாகாது. பாயின்டர் திருப்பும் ஃபங்க்ஷன் நல் (NULL, வெற்றுப் பாயின்டர்) திருப்புமா, எரர் பாயின்டர் திருப்புமா என்பதை மூலத்தில் படித்துப் பார்த்தே எழுதுங்கள். எரர் பாயின்டரை நல்லுக்கு மட்டும் சோதித்தால் அது நல்ல முகவரியாகத் தெரியும், அடுத்த வரியில் ஊப்ஸ். இரண்டையும் சேர்த்துச் சோதிக்கும் இஸ்_எர்_ஆர்_நல் பெரும்பாலும் எழுதியவருக்கே எது வரும் என்று தெரியாததன் அடையாளம்.

காப்பி_ஃப்ரம்_யூசர் இன்னொரு பொறி. அது எரர் கோடைத் திருப்புவதில்லை. நகலெடுக்க முடியாமல் மீந்த பைட்டுகளின் எண்ணிக்கையைத் திருப்பும். அதை அப்படியே மேலே அனுப்பினால், "8 பைட் மீந்தது" என்பது பயனருக்கு "8 பைட் எழுதிவிட்டேன்" என்ற வெற்றியாகப் போய்ச் சேரும். மீதி 0 இல்லையென்றால் −14 என்று நீங்களே மாற்ற வேண்டும்.

கீழிருந்து வந்த கோடை, காரணமின்றி வேறு கோடாக மாற்றாதீர்கள். முக்கியமாக −517. நீ சார்ந்திருக்கும் கிளாக்கோ ரெகுலேட்டரோ இன்னும் வரவில்லை, பிறகு முயல் என்று அதற்குப் பொருள். அதை −22 ஆக்கினால் உங்கள் சாதனம் சில பூட்களில் வேலை செய்யும், சில பூட்களில் செய்யாது. காரணம் கண்டுபிடிக்க ஒரு வாரம் போகும். டெவ்_எர்_ப்ரோப் என்ற உதவி ஃபங்க்ஷன் இந்தக் கோடுக்குப் பிழையென்று கத்தாமல், மற்ற பெரும்பாலானவற்றுக்குச் செய்தி எழுதி, கோடை அப்படியே திருப்பித் தரும்.

படி 4: பாதி வழியில் தோற்றால் வந்த வழியே இறங்குங்கள்

கர்னல் பிழைகள் நிறைய ஒளிந்திருப்பது இங்கேதான், ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம். ஒரு சிறு சென்சார் டிரைவரின் ப்ரோப் ஃபங்க்ஷன் (சாதனத்தைக் கண்டதும் கர்னல் அழைப்பது) என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் எலும்புக்கூட்டைத் தமிழில் எழுதினால்:

தகவல் = மெமரி வாங்கு
கிடைக்காவிட்டால்: திருப்பு −12
பிழை = கிளாக்கை இயக்கு
பிழையென்றால்: போ மெமரியை_விடு
பிழை = இன்டரப்ட்டைப் பதிவு செய்
பிழையென்றால்: போ கிளாக்கை_நிறுத்து
பிழை = பயனருக்குச் சாதனத்தைத் திற
பிழையென்றால்: போ இன்டரப்ட்டை_விடு
திருப்பு 0

இன்டரப்ட்டை_விடு: இன்டரப்ட் பதிவை நீக்கு
கிளாக்கை_நிறுத்து: கிளாக்கை நிறுத்து
மெமரியை_விடு: மெமரியை விடுவி
திருப்பு பிழை

ஏறிய வரிசைக்கு நேர் எதிர் வரிசையில் இறக்கம். லேபிளின் பெயர் அது செய்யும் வேலையைச் சொல்கிறது. "பிழை1", "பிழை2" என்று பெயர் வைத்தால், நடுவில் ஒரு படி சேரும் நாளில் எல்லாம் ஒரு எண் தள்ளிப்போகும். அதில் ஒன்று தவறும்.

இந்தப் பத்துப் பன்னிரண்டு வரிகளுக்குள்ளேயே மூன்று இடங்களைக் கூர்ந்து பாருங்கள். ஒன்று, "பிழை" என்ற மாறிக்கு மதிப்புக் கொடுக்காமல் தாவுவது. நடுவில் வேறொரு சோதனையைச் சேர்த்து, கோடை வைக்க மறந்து "போ" என்று எழுதினால், முந்தைய படியின் 0 அப்படியே இருக்கும். எல்லாவற்றையும் விடுவித்துவிட்டு, ப்ரோப் வெற்றி என்று திருப்பும். கர்னல் அந்தச் சாதனத்தைப் பயன்படுத்தத் தொடங்கும், விடுவித்த மெமரியில். ஸ்மாட்ச் என்ற ஆய்வுக் கருவி இதை நன்றாகவே பிடிக்கும், ஓட்டிப் பாருங்கள்.

இரண்டு, இன்டரப்ட். பதிவு செய்த அடுத்த கணமே அது அடிக்கலாம். ஹேண்ட்லர் தொடும் பூட்டு, வரிசை, பாயின்டர் எல்லாம் அதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். பகிரப்படும் இன்டரப்ட்டுகளுக்கு, டீபக்_ஷிர்க் என்ற கர்னல் தேர்வை இயக்கினால், பதிவை நீக்கும்போது பொய்யாக ஒருமுறை அடித்துப் பார்க்கும். அதைத் தாங்காத டிரைவர், களத்தில் என்றோ ஒருநாள் விழப்போகும் டிரைவர்.

மூன்று, பயனருக்குத் திறப்பது கடைசியில். சாதனம் பதிவான மறுகணமே யாரோ ஓபன் செய்யலாம். அதற்குப் பிறகு தோற்கக்கூடிய படி எதையும் வைத்தால், ஒருவர் உள்ளே இருக்கும்போதே தரையை உருவ வேண்டியிருக்கும்.

கைமுறை இறக்கத்தைக் குறைக்க இரண்டு வசதிகள் உண்டு. டெவ்எம் என்று தொடங்கும் ஃபங்க்ஷன்கள் பெற்றவற்றை, சாதனம் பிரியும்போது கர்னலே எதிர் வரிசையில் விடுவிக்கும். மிக நல்ல வசதி, ஆனால் இரண்டு எச்சரிக்கைகளோடு. டெவ்எம் இன்டரப்ட், உங்கள் ரிமூவ் ஃபங்க்ஷன் முடிந்த பிறகுதான் நீங்கும். ரிமூவில் நீங்கள் கையால் விடுவித்ததை ஹேண்ட்லர் அதற்குள் தொடலாம். கையால் செய்வதையும் டெவ்எம்மையும் கலந்தால் இப்படித்தான் ஆகும். அடுத்தது, டெவ்எம் மெமரியின் ஆயுள் சாதனத்தோடு முடிகிறது; பயனர் கையிலுள்ள திறந்த கோப்பின் ஆயுள் அதைவிட நீளலாம். யூஎஸ்பியை உருவிய பிறகும் ஒரு நிரல் கோப்பைத் திறந்தே வைத்திருந்தால், அது படிப்பது விடுவித்த மெமரியை. அந்த வகைத் தகவலுக்கு டெவ்எம் வேண்டாம், குறிப்பு எண்ணிக்கை (எத்தனை பேர் இன்னும் பயன்படுத்துகிறார்கள் என்ற கணக்கு) வையுங்கள்.

மற்றது 6.5 பதிப்பில் வந்த க்ளீனப் மேக்ரோக்கள். ஒரு பூட்டை "கார்ட்" (guard, காவல்) என்று பிடித்தால், ஃபங்க்ஷனை விட்டு எந்த வழியில் வெளியேறினாலும் கம்பைலரே அதை விடுவிக்கும். சிறு ஃபங்க்ஷன்களில் இது எரர் பாதைகளை அடியோடு சுத்தமாக்குகிறது. ஒரே ஃபங்க்ஷனில் இதையும் "கோட்டூ" இறக்கத்தையும் கலக்காதீர்கள். எது எப்போது விடுபடும் என்பதைப் படிப்பவரால் சொல்ல முடியாது.

படி 5: தோற்கக்கூடியதை முன்னாலேயே முடித்துவிடுங்கள்

எரர் பாதைகளை நன்றாக எழுதுவதைவிட மேலானது, அவை தேவைப்படாத வடிவத்தில் எழுதுவது. ஒரு செயலை இரண்டாகப் பிரியுங்கள். முதல் பாதியில் தோற்கக்கூடிய எல்லாம்: மெமரி வாங்குவது, பயனர் தரவை நகலெடுப்பது, வரம்புகளைச் சோதிப்பது. இரண்டாம் பாதியில் தோற்கவே முடியாதவை மட்டும்: பட்டியலில் சேர்ப்பது, பாயின்டரை மாற்றுவது, எண்ணிக்கையைக் கூட்டுவது. நடுவில் ஒரு கோடு. அந்தக் கோட்டைத் தாண்டினால் திரும்ப வேண்டிய தேவை வராது.

இன்டரப்ட்டுக்குள்ளும் ஸ்பின்லாக் (தூங்காமல் சுற்றிக் காத்திருக்கும் பூட்டு) பிடித்திருக்கும்போதும் இது விருப்பம் அல்ல, கட்டாயம். அங்கே தூங்க முடியாது, ஆகவே மெமரிக்காகக் காத்திருக்க முடியாது. காத்திருக்காத ஜிஎஃப்பி_அடாமிக் முறையில் கேட்டால் நெருக்கடி நேரத்தில் நிஜமாகவே கிடைக்காது. அதைவிட முக்கியம், தோல்வியைச் சொல்ல அங்கே மேலே யாரும் இல்லை. பஃபரை ப்ரோப்பிலேயே வாங்கி வைத்துவிடுங்கள்.

படி 6: பயனரையும் வன்பொருளையும் நம்பாதீர்கள்

பயனர் தரும் பாயின்டர் செல்லாததாக இருந்தாலும் கர்னல் ஏன் சாவதில்லை? காப்பி_ஃப்ரம்_யூசருக்குள் பயனர் மெமரியைத் தொடும் ஒவ்வொரு கட்டளையின் முகவரியும், அது தோற்றால் எங்கே தாவ வேண்டும் என்ற முகவரியும் விதிவிலக்கு அட்டவணையில் முன்பே பதிவாகியிருக்கும். பேஜ் ஃபால்ட் வந்தால் கர்னல் அட்டவணையில் தேடி, மீட்பு முகவரிக்குத் தாவி, ஃபங்க்ஷனை ஒழுங்காக முடிக்கிறது. பயனர் பாயின்டரை நேரடியாகத் தொட்டால் இந்தப் பாதுகாப்பு கிடையாது.

தரவை ஒரே முறை நகலெடுங்கள். நீளத்தை முதலில் படித்துச் சோதித்துவிட்டு, பிறகு முழுக் கட்டமைப்பையும் மறுபடி படித்தால், இடையில் இன்னொரு த்ரெட் நீளத்தை மாற்றியிருக்கும். சோதித்தது ஒன்று, பயன்படுத்துவது வேறு. எண்ணிக்கையை அளவால் பெருக்கி மெமரி வாங்கும் இடங்களில் கேமலாக்_அரே போன்ற, பெருக்கல் வழிந்தால் தோற்கும் வடிவத்தையே எடுங்கள்.

வன்பொருள் பற்றி ஒன்று கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். பிசிஐ எக்ஸ்பிரஸ் அட்டை பஸ்ஸிலிருந்து காணாமல் போனால், அதன் பதிவேட்டைப் படிக்கும்போது பொதுவாகப் பிழை வருவதில்லை. எல்லா பிட்டும் 1 ஆன மதிப்பு வரும். "பிஸி பிட் 0 ஆகும்வரை சுற்று" என்று எழுதிய லூப், இல்லாத சாதனத்துக்காக முடிவின்றிச் சுற்றும். காலவரையறை இல்லாத காத்திருப்பு டிரைவரில் இருக்கவே கூடாது. ரீட்எல்_போல்_டைம்அவுட் மேக்ரோவைப் பயன்படுத்துங்கள். நேரம் கடந்தால் −110 கிடைக்கும். படித்த மதிப்பு முழுக்க 1 என்றால், சாதனம் போய்விட்டது என்று எடுத்துக்கொண்டு வெளியேறுங்கள். சாதனம் அனுப்பும் நீளத்தையும் குறியீட்டெண்ணையும் பயனர் அனுப்பியதைப் போலவே சந்தேகப்படுங்கள்.

படி 7: தடயம் விடுங்கள், சாவதை நிர்வாகியிடம் விடுங்கள்

செய்தியில் எந்தச் சாதனம், என்ன செய்யப்போய், எந்தக் கோடு என்ற மூன்றும் இருக்கட்டும். மெமரி கிடைக்காததற்கு நீங்கள் தனியாக எழுத வேண்டாம், கர்னலே எழுதும். திரும்பத் திரும்ப வரக்கூடிய செய்திக்கு வேகக் கட்டுப்பாடு உள்ள வடிவத்தை எடுங்கள். கர்னல் முகவரிகளை அச்சிடாதீர்கள், 4.15 முதல் சாதாரண பாயின்டர் அச்சு உண்மை முகவரியை மறைத்தே காட்டுகிறது, அதைச் சுற்றி வளைத்துத் தாண்ட முயலாதீர்கள்.

சில இடங்களில் சாவதே சரி. வங்கியின் சர்வர் சந்தேகமான நிலையில் ஓடுவதைவிட நின்று, மாற்று சர்வர் வேலையை ஏற்பது மேல். ஆனால் எந்த டிரைவருக்கும் தான் வங்கியில் ஓடுகிறதா, யாரோ ஒருவரின் மடிக்கணினியில் ஓடுகிறதா என்று தெரியாது. அதனால்தான் அந்த முடிவு நிர்வாகி மாற்றக்கூடிய சிஸ்கன்ட்ரோல் அமைப்புகளில் இருக்கிறது. பேனிக்_ஆன்_ஊப்ஸ் இயக்கினால் முதல் ஊப்ஸிலேயே நிற்கும். கெர்னல்.பேனிக் என்பதில் ஓர் எண் வைத்தால் அத்தனை விநாடியில் தானே ரீபூட் ஆகும். 6.2 முதல் ஊப்ஸ்_லிமிட் என்பதும் உண்டு, இயல்பு மதிப்பு 10000. ஒவ்வொரு ஊப்ஸும் சில குறிப்பு எண்ணிக்கைகளை விடுவிக்காமல் விட்டுச் செல்வதால், வேண்டுமென்றே கோடிக்கணக்கில் ஊப்ஸ் கிளப்பி எண்ணிக்கையை வழியவைக்கும் தாக்குதலுக்கு அது தடை.

விழுந்தால் சாட்சி மிஞ்ச வேண்டும். கேடம்ப் அமைத்துவிடுங்கள்: ஒதுக்கி வைத்த மெமரியில் காத்திருக்கும் இரண்டாவது கர்னல் எழுந்து, விழுந்த கர்னலின் மெமரியைக் கோப்பாக எடுத்து வைக்கும். சிறு பலகைகளுக்கு மெமரி போதாது என்றால், ரீபூட்டைத் தாண்டிப் பதிவைக் காக்கும் பிஸ்டோர் போதும். அமைத்தபின் சிஸ்ஆர்க்யூ (கர்னலுக்கு நேரடிக் கட்டளை தரும் வசதி) வழியாக ஒருமுறை வேண்டுமென்றே சாய்த்து, கோப்பு நிஜமாகவே வருகிறதா என்று சோதனைக் கணினியில் பாருங்கள். சோதிக்காத கேடம்ப் தேவைப்படும் இரவில் வேலை செய்யாது.

படி 8: எரர் பாதைகளை ஓட்டிப் பாருங்கள்

சின்ன அளவு மெமரியைச் சாதாரண ஜிஎஃப்பி_கர்னல் முறையில் கேட்டால், கர்னல் விடாமல் முயன்று எப்படியாவது தந்துவிடும். நடைமுறையில் 32 கிலோபைட் வரை தோல்வியே அரிது. எனவே நீங்கள் எழுதிய இறக்கப் பாதை வருடக்கணக்கில் ஒருமுறைகூட ஓடாமல் கிடக்கும். முதன்முதலாக ஓடும் நாள், கணினி மூச்சு முட்டிக் கிடக்கும் நாளாக இருக்கும்.

ஆகவே தோல்வியை நாமே ஊட்ட வேண்டும். சோதனைக் கர்னலை ஃபால்ட் இன்ஜெக்ஷன், ஃபெயில்ஸ்லாப் (இரண்டும் தோல்வியை ஊட்ட), கேசான் (தவறான மெமரி அணுகலைப் பிடிக்க), கேமெம்லீக் (விடாத மெமரியைப் பிடிக்க), லாக்டெப் (பூட்டுத் தவறுகளைப் பிடிக்க), அடாமிக் சூழலில் தூங்குவதைப் பிடிக்கும் தேர்வு ஆகியவற்றோடு கட்டுங்கள். மெதுவாக ஓடும், பரவாயில்லை.

டீபக்எஃப்எஸ்ஸில் ஃபெயில்ஸ்லாப் அடைவுக்குப் போய், இக்னோர்-ஜிஎஃப்பி-வெயிட் என்பதை "என்" ஆக்குங்கள். இதன் இயல்பு மதிப்பு "ஒய்". அப்படியே விட்டால் தூங்கக்கூடிய ஒதுக்கீடுகள் எதுவும் தோற்காது, எல்லாம் சரியாக இருப்பதாக ஏமாந்துபோவீர்கள்.

அடுத்தது ஃபெயில்-என்த். ஒரு த்ரெட்டின் ப்ராக் அடைவிலுள்ள இந்தக் கோப்பில் 1 என்று எழுதினால், அந்த த்ரெட்டின் முதல் ஒதுக்கீடு தோற்கும். 2 என்றால் இரண்டாவது. ஒரு சிறு சி நிரல் எழுதுங்கள்: எண்ணை எழுதி, டிரைவரின் பைண்ட் கோப்பில் சாதனத்தின் பெயரை எழுதி ப்ரோப்பைத் தூண்டி, பிறகு ஃபெயில்-என்த்தைப் படியுங்கள். 0 வந்தால் தோல்வி ஊட்டப்பட்டது. எண்ணை ஒன்று கூட்டி மறுபடி. 0 அல்லாத எண் வந்தால், அத்தனை ஒதுக்கீடுகள் அந்தப் பாதையில் இல்லை, எல்லாவற்றையும் தோற்கடித்துப் பார்த்தாயிற்று. சுற்றுகளுக்கு இடையில் பைண்ட் வெற்றியானால் அன்பைண்ட் செய்ய மறவாதீர்கள். ஓபன், ரைட், ஐஆக்டில் ஒவ்வொன்றுக்கும் இதே சுற்று.

சுற்று முடிந்ததும் சில விநாடி இடைவெளி விட்டு கேமெம்லீக்கை இரண்டு முறை ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். இறக்கத்தில் விட்டுப்போன மெமரி, வாங்கிய இடத்தின் அழைப்புத் தடத்தோடு வரும். இருமுறை விடுவித்திருந்தால் கேசான் ஏற்கெனவே சொல்லியிருக்கும். பூட்டை விடாமல் திரும்பியிருந்தால் லாக்டெப். இந்த ஒரு பிற்பகல் வேலை, நான் அறிந்தவரை, கர்னல் நிரலில் செலவழிக்கும் நேரத்துக்கு மிக அதிகப் பலன் தருவது.

படி 9: ஊப்ஸ் வந்தேவிட்டால்

பதிவில் பல ஊப்ஸ் இருந்தால் முதலாவதை மட்டும் எடுங்கள். மற்றவை பெரும்பாலும் அதன் விளைவுகள். ஊப்ஸிலுள்ள டெய்ன்ட் குறிகளில் (கர்னலின் நிலை கெட்டதைக் காட்டும் எழுத்துகள்) ஆங்கில "டி" (D) இருந்தால், அதற்கு முன்பே ஓர் ஊப்ஸ் நடந்துவிட்டது. நீங்கள் பார்ப்பது இரண்டாவது, பதிவில் மேலே தேடுங்கள். "டபிள்யூ" என்றால் முன்பு ஒரு எச்சரிக்கை வந்திருக்கிறது, பெரும்பாலும் அங்கேதான் கதை தொடங்கியிருக்கும்.

தொட்ட முகவரியைப் பாருங்கள். 0க்கு அருகில் சிறு எண் என்றால் நல் பாயின்டரின் ஒரு புலத்தைத் தொட்டிருக்கிறது. அந்த எண்ணே புலத்தின் தூரம், கட்டமைப்பில் எண்ணினால் எந்தப் புலம் என்று தெரியும். உச்சியிலுள்ள கடைசி 4095க்குள் வந்தால், சோதிக்காமல் விட்ட எரர் பாயின்டர். எதிர்க்குறி எண்ணாகப் படித்தால் எரர் கோடே கையில் கிடைக்கும். விடுவித்த மெமரியை அடையாள பைட்டால் நிரப்பும் ஸ்லாப் பாய்சனிங் இயக்கியிருக்கும்போது, முகவரி முழுக்க 6பி என்ற பைட் நிரம்பியிருந்தால் விடுவித்த மெமரி.

அழைப்புத் தடத்தை, கர்னல் மூலத்தோடு வரும் டீகோட்_ஸ்டாக்ட்ரேஸ் ஸ்கிரிப்ட்டில் கொடுங்கள். ஒவ்வொரு முகவரியும் கோப்பும் வரி எண்ணுமாக மாறும். இதற்கு, ஓடிய அதே கர்னலின் டீபக் தகவலுள்ள விஎம்லினக்ஸ் கோப்பு வேண்டும். வெளியிடும் ஒவ்வொரு கட்டுமானத்துக்கும் அதைப் பத்திரப்படுத்துங்கள்.

தகவலை எடுத்ததும் கணினியை ரீபூட் செய்யுங்கள், ஓடிக்கொண்டிருந்தாலும். விடுபடாத பூட்டும் பாதி மாறிய பட்டியலும் உள்ளே இருக்கின்றன. திருத்தத்தை அனுப்பும்போது, பிழையை நுழைத்த கமிட்டை "ஃபிக்ஸஸ்" வரியில் குறிப்பிடுங்கள்; ஸ்டேபிள் கிளைகளைப் பராமரிப்பவர்கள் அதை வைத்துத்தான் எந்தப் பழைய பதிப்புகளுக்கு இந்தத் திருத்தம் போக வேண்டும் என்று முடிவு செய்கிறார்கள். கூடவே, அந்தப் பிழையைத் தூண்டிய ஃபெயில்-என்த் எண்ணையும் கமிட் செய்தியில் எழுதிவிட்டால், அடுத்தவர் அதே பாதையை ஒரு நிமிடத்தில் ஓட்டிப் பார்த்துக்கொள்வார்.